எண்ணூறு நாற்காலியும் ஏழு ஃபோர்க்லிஃப்ட்டும்

"எத்தனை வேணும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க அபாய். அஞ்சா, ஏழா, பத்தா?"

ஒராஸ்பெக் போனில் இப்படிக் கேட்பது அந்த வாரத்தில் ஆறாவது தடவை. அவன் அபாய், அதாவது அக்கா, என்று கூப்பிட்ட குல்யாஷும் ஆறாவது தடவையாக அதே பதிலைச் சொன்னாள். "எண்ணிப் பார்க்காம எப்படிச் சொல்றது தம்பி?"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. முதலாளி பெருமூச்சு விட்டால், இந்த அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். குல்யாஷ் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே வரிசையாக லாரிகள். முதல் லாரி கிடங்கின் கேட்டுக்குள், கடைசி லாரி டெமிர்லான் நெடுஞ்சாலையில். நடுவில் நின்ற ஓட்டுநர்கள் சக்கர நிழலில் உட்கார்ந்து முலாம்பழ விதையைத் துப்புவதுபோல வசவுகளைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். எல்லா வசவிலும் அவள் பெயர்தான் இருந்தது. கஜகஸ்தானின் ஷிம்கெண்ட் நகரத்தில் பாதி மளிகைக்கடைகளுக்கு அந்தக் கிடங்கிலிருந்துதான் எண்ணெயும் சர்க்கரையும் தேயிலையும் போக வேண்டும். போகவில்லை என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே முகம் கிடங்குப் பொறுப்பாளர் குல்யாஷின் முகம்.

அவள் ஆரிஸ் ரயில் சந்திப்பில் பிறந்தவள். அப்பா பெட்டிகளைக் கோக்கும் வேலை பார்த்தவர். ஒரு பெட்டி தவறான தண்டவாளத்தில் நின்றால் பின்னால் வருகிற அத்தனையும் நின்றுபோகும் என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டிவிட்டவர். பத்தொன்பது வயதில் அவள் ஷிம்கெண்டின் எண்ணெய் ஆலைக்கு வேலைக்கு வந்தபோது, சுமையைத் தூக்கி அடுக்கும் மின்சார ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்றைக் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். முதல் நாள் ஆண்கள் எல்லோரும் சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டு, "ஏய், உயிரு பத்திரம்டா! குல்யாஷ் வர்றா!" என்று கேலி செய்தார்கள். மூன்றாவது மாதம் அதே ஆண்கள், குறுகலான சந்தில் சுமையை வைக்க வேண்டியிருந்தால், "குல்யாஷைக் கூப்பிடு" என்றார்கள். தொண்ணூறுகளில் ஆலை மூடிக்கொண்டது. ஏழு வருடம் பஜாரில் நின்று காலுறை விற்றாள். அதன்பிறகு ஒராஸ்பெக்கின் அப்பா ஆரம்பித்த இந்தக் கிடங்கில் சேர்ந்தாள். அப்பா காலமானதும் மகன் முதலாளியானான். அவளும் கூடவே வந்தாள், சாவிக்கொத்து மாதிரி.

அந்த மே மாதத்தில் கிடங்கில் நான்கு ஃபோர்க்லிஃப்ட்கள் இருந்தன. லாரி வாசல்கள் ஆறு. லாரிகளோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. பக்கத்து டயர் கடைக்காரர் தன் கடை வாசலை மறைக்கிறார்கள் என்று கத்தினார். போக்குவரத்துப் போலீஸ் இரண்டு முறை வந்து போனது. வண்டி போதவில்லை, வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒராஸ்பெக் முடிவு கட்டிவிட்டான். எத்தனை வாங்குவது என்பது மட்டும்தான் பாக்கி.

அவனுடைய சகலை துர்சினுக்கு அதில் சந்தேகமே இல்லை. சீன எல்லையிலிருந்து பழைய ஃபோர்க்லிஃப்ட்களைக் கொண்டுவந்து விற்பதுதான் துர்சினின் தொழில். அவன் கிடங்குக்குள் வந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, கூரையை ஒரு பார்வை பார்த்தான்.

"எட்டு வேணும்."

"கூரையில எழுதியிருக்கா?" என்றாள் குல்யாஷ்.

"அனுபவம் அபாய். இவ்வளவு பெரிய இடத்துக்கு எட்டுக்குக் குறைஞ்சா நமக்குத்தான் அசிங்கம்."

"லாரி ஏத்தறதுக்கா வண்டி, ஊர்வலம் விடறதுக்கா?"

துர்சின் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எரிச்சல். பதில் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்து அல்மாட்டியிலிருந்து அனுவார் என்ற இளைஞன் வந்தான். கிடங்குகளுக்கு ஆலோசனை சொல்வது அவன் வேலை. வெள்ளைக் காலணி, கையில் சிவப்பு ஒளி அடித்து நீளம் அளக்கும் கருவி. இரண்டு மணி நேரம் சுவர்களை அளந்தான். ஒரு லாரியைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் அவள் அறைக்கு வந்து, பால் ஊற்றிய தேநீரைக் குடித்துவிட்டு, "ஏழு" என்றான்.

"எப்படி ஏழு?"

"ஆயிரம் சதுர மீட்டருக்கு ஒண்ணு அபாய். உங்களது ஏழாயிரம்."

"அதுல பாதி சும்மா கிடக்குது தம்பி. காலி இடத்தையும் வண்டி தூக்கி ஏத்துமா?"

"உலகம் பூரா இப்படித்தான் கணக்குப் போடறாங்க."

"உலகம் வந்து எங்க வாசல்ல நிக்கலையே! லாரிதானே நிக்குது. வெளியில போய் ஒரு மணி நேரம் நின்னு பாரு. எது எதுக்காகக் காத்திருக்குதுன்னு பாரு."

வெளியே வெயில் அதிகமாக இருந்தது. அனுவார் தன் காலணியைப் பார்த்துக்கொண்டான். மாலை விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்றான்.

மறுநாள் குல்யாஷ் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினாள். மகளின் பழைய கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் கிடந்தது, நொடிமுள் உள்ளது. இரண்டையும் எடுத்துக்கொண்டு கிடங்கின் நடுவில் ஒரு சர்க்கரை மூட்டை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வாரம் அங்கேயே இருப்பதாக அறிவித்தாள்.

நான்கு ஓட்டுநர்களில் மூத்தவன் எர்காஷ். சைராமைச் சேர்ந்த உஸ்பெக். வாயை மூடத் தெரியாதவன். அவன் வண்டியை அவள் முன்னால் நிறுத்தி, "என்ன அபாய், மேடை போட்டு உட்கார்ந்தாச்சு? பாட்டு எப்போ?" என்றான்.

"உன் வண்டி ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்க்கிறேன். போ, போ, நான் பார்க்கிறேன்னு பறக்காதே. எப்பவும் போல ஓட்டு."

"எப்பவும் போலன்னா, நடுவுல டீ குடிக்கணுமே?"

"அதையும் எழுதிக்கிறேன்."

எழுதினாள். பேலட் என்கிற மரச்சட்டத் தட்டு ஒன்றின்மேல் அடுக்கிய பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கி, லாரிக்குள் வைத்து, திரும்பி வர மூன்றரை நிமிடம். எர்காஷுக்கு மூன்று, சோம்பேறிக்கு நான்கு. சராசரி மூன்றரை. கூட்டம் அதிகமான நேரத்தில், வந்து நிற்கிற லாரிகளை அன்றன்றைக்கே அனுப்ப வேண்டுமானால், மணிக்கு நாற்பத்தெட்டு பேலட் ஏற்ற வேண்டும். எந்த வண்டியும் மணிக்கு அறுபது நிமிடமும் ஓடாது. பேட்டரி மாற்ற, சரக்குச் சீட்டு வாங்க, எர்காஷ் வாயடிக்க என்று பதினைந்து நிமிடம் போய்விடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கி வகுத்துப் பார்த்தாள். மூன்று வண்டி பத்தாது. நான்கு போதும். இருப்பதே நான்கு.

அப்படியென்றால் லாரி ஏன் நெடுஞ்சாலை வரை நிற்கிறது? அதற்கும் நோட்டிலேயே பதில் இருந்தது. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒவ்வொரு வண்டியும் இருபது நிமிடத்துக்கு மேல் சுமையைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றது. ஏனென்றால் வாசலில் லாரி இல்லை. நிறைந்த லாரி நகர்ந்து, அடுத்தது பின்வாங்கி வந்து ஒட்டுவதற்குள் கால் மணி நேரம். ஆறு வாசலும் திறந்திருந்தால் ஒன்றில் லாரி மாறும்போது மற்றதில் ஏற்றலாம். திறந்திருந்தது நான்குதான். ஐந்தாவது, ஆறாவது வாசல்களுக்கு முன்னால் நாற்காலிகள் இருந்தன. ஒராஸ்பெக்கின் மனைவி நசிபா திறக்கப்போகிற கல்யாண மண்டபத்துக்கு வாங்கிய எண்ணூறு நாற்காலிகள். பொன்னிறக் கால்கள், வெள்ளை மெத்தை, மேலே பிளாஸ்டிக் உறை. மண்டபத்துக்கு இரண்டு வருடமாகக் கூரையே வரவில்லை.

தினமும் அந்த நாற்காலிகளைத் தாண்டித்தான் அவள் அலுவலகத்துக்குப் போகிறாள். இரண்டு வருடமாகப் பார்த்தும் பார்க்காமல் போயிருக்கிறோமே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள். ஒராஸ்பெக் நல்லவன்தான். நாற்பத்து நான்கு வயதில் தொப்பையும் இரத்த அழுத்தமும் வந்துவிட்ட மனிதன். அவன் நோட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தனை அபாய்?"

"நாலு."

"நாலுதானே இருக்கு!"

"ஆமா. அதுவே போதும். வாசல்தான் பத்தலை. நாற்காலியை எடுத்துட்டா..."

அவன் முகம் மாறியது. "நாற்காலியை எங்கே எடுக்கச் சொல்றீங்க?"

"எங்க வேணா வைங்க தம்பி. வீட்டுல வைங்க. வாடகைக்கு ஒரு கொட்டகை பிடிங்க."

"நசிபாகிட்ட நீங்க சொல்லுவீங்களா?"

"உங்க பெண்டாட்டிகிட்ட நான் ஏன் சொல்லணும்?"

"சரி விடுங்க. அல்மாட்டிக்காரன் ஏழுன்னு சொல்லியிருக்கான். படிச்சவன். துர்சின் எட்டுங்கிறான். நீங்க நாலுங்கிறீங்க. நான் ஏழு முடிவு பண்ணிட்டேன்."

"மூணு பேரும் சொன்னதுல நடுவுல இருக்கறது ஏழு, அப்படித்தானே? என்ன இது, சந்தையில ஆட்டுக்கு விலை பேசறோமா? ஒராஸ்பெக் சாபித்தோவிச், நான் எண்ணியிருக்கேன். அவங்க ரெண்டு பேரும் எண்ணலை."

அப்பா பெயரையும் சேர்த்து அழைத்தால் அவள் கொதிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அப்பா காலத்திலிருந்தே தெரியும். ஆனாலும் போனை எடுத்து துர்சினை அழைத்தான். அவள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். செவிடன் காதில் சங்கு ஊதியவன்கூட ஊதினோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்பான். அவளுக்கு அதுவும் இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் துர்சின் மூன்று ஃபோர்க்லிஃப்ட்களைக் கொண்டுவந்து இறக்கினான். மஞ்சள் வண்ணம் புதிது, மற்றதெல்லாம் பழசு. ஓட்ட ஆள் வேண்டுமே என்று தன் சொந்தக்காரர்கள் மூன்று பேரையும் அனுப்பிவைத்தான். ஏழு வண்டிகள், நான்கு வாசல்கள். அலமாரிகளுக்கு நடுவிலிருந்த சந்துகளில் ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இப்போது ஒதுங்க இடமில்லை. எதிரெதிராக வந்து நின்றுகொண்டு, "நீ பின்னாடி போ", "நான் சுமையோட இருக்கேன், நீ போ" என்று கத்தினார்கள். பேட்டரி ஏற்ற ஏழு வண்டிகளும் ஒரே சுவருக்கு வந்து நின்றன. லாரி வரிசை டயர் கடையைத் தாண்டி, சம்சா விற்கிற அடுப்புக் கடைவரை நீண்டது. சம்சாக் கடைக்காரருக்கு மட்டும் வருமானம்.

"அபாய், ஒரு யோசனை," என்றான் எர்காஷ். "போக்குவரத்து விளக்கு வைங்க. பச்சை, சிவப்பு. ஒரு போலீஸ்காரனையும் உள்ளே நிறுத்துங்க."

"உன்னை நிறுத்தறேன், விசில் கொடுத்து."

பத்தாவது நாள் அது நடந்தது. காலை பதினோரு மணி. மூன்றாவது சந்தில் எர்காஷும் துர்சினின் சொந்தக்காரன் ஒருவனும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அந்தப் புதியவன் ஆத்திரத்தோடு வேகமாகப் பின்வாங்கினான். திருப்பம் தவறி, வண்டியின் பின்புறம் அலமாரியின் காலில் இடித்தது. மூன்றாவது தட்டிலிருந்து ஒரு பேலட் சூரியகாந்தி எண்ணெய் சரிந்து, எர்காஷின் தலைக்கு மேலிருந்த இரும்புக் கூண்டின்மேல் விழுந்தது. பாட்டில்கள் வெடித்தன. எண்ணெய் மழை மாதிரி இறங்கித் தரையெல்லாம் ஓடியது.

குல்யாஷ் ஓடினாள். இரண்டு முறை வழுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள். கூண்டு ஒருபக்கம் நசுங்கியிருந்தது. எர்காஷின் காதுக்கும் வளைந்த கம்பிக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. தலையிலிருந்து கால்வரை எண்ணெய் சொட்ட, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பேசவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக எர்காஷ் பேசவில்லை.

"எர்காஷ்! எங்க அடிபட்டுச்சு? சொல்லுடா!"

அவன் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தான். இறக்கி வெளியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான் வாய் திறந்தான். "டீ இருக்கா அபாய்?" என்றான். கிண்ணத்தைக் கையில் கொடுத்தபோது பாதி தேநீர் அவன் மடியிலேயே சிந்தியது.

குல்யாஷ் திரும்பி உள்ளே போனாள். எண்ணெயில் நனைந்த பாவாடை கணுக்காலில் ஒட்டியது. மூன்று மஞ்சள் வண்டிகளின் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். துர்சினின் ஆட்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். தரையில் மரத்தூள் கொட்டிக் கூட்டச் சொன்னாள். பிறகு கேட்டுக்குப் போய், வரிசையில் நின்ற முதல் மூன்று லாரிக்காரர்களைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்குச் சீக்கிரம் சரக்கு வேணுமா?"

"மூணு நாளா நிக்கிறோம் தாயே! கேட்கணுமா?"

"அப்ப ஒரு நடை எனக்காகப் போயிட்டு வாங்க. நாற்காலி ஏத்தறேன். பாதாம் ஆத்துக்கு இந்தப்பக்கம் ஒரு வீட்டு வாசல்ல இறக்கணும். வந்ததும் உங்களுக்குத்தான் முதல் சுமை."

"யார் வீடு?"

"முதலாளி வீடு."

ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் வயதானவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "ஏத்துங்க," என்றார். "இதைப் பார்க்கறதுக்காகவே போகலாம்."

எண்ணூறு நாற்காலிகளும் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தன. வீட்டுக் கேட்டுக்கு முன்னால், தெருவின் இரண்டு பக்கமும், ஆறு ஆறாக அடுக்கி. அக்கம்பக்கத்தார் இன்றைக்கு யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். ஒரு கிழவர் ஒரு நாற்காலியை இறக்கி உட்கார்ந்தே விட்டாராம்.

மூன்று மணிக்கு ஒராஸ்பெக் வந்தான். முகம் பீட்ரூட்டாக இருந்தது. "அபாய், உங்களுக்குப் பைத்தியமா? நசிபா அழுதுக்கிட்டு இருக்கா! தெருவே சிரிக்குது!"

குல்யாஷ் அவன் கையைப் பிடித்து எர்காஷின் வண்டிக்கு அழைத்துப்போனாள். நசுங்கிய கூண்டைக் காட்டினாள். "உள்ளே ஏறி உட்காருங்க," என்றாள்.

"எதுக்கு?"

"உட்காருங்க, சொல்றேன்."

அவன் ஏறி உட்கார்ந்தான். கம்பி அவன் காதை உரசியது. எர்காஷைவிட அவன் பருமன்.

"இங்கதான் அவன் தலை இருந்துச்சு. நாலு புள்ளைங்க அவனுக்கு. உங்க அப்பா இருந்தா நசிபா அழுகையை முதல்ல கேட்டிருப்பாரா, இதை முதல்ல பார்த்திருப்பாரான்னு நீங்களே சொல்லுங்க. என்னை அனுப்பணும்னா அனுப்பிடுங்க. சாவி மட்டும் தரமாட்டேன்."

ஒராஸ்பெக் கவனமாகத் தலையைச் சாய்த்து இறங்கினான். வாசல்களின் பக்கம் பார்த்தான். ஆறிலும் லாரி நின்றது. நான்கு வண்டிகளில் எர்காஷுடையது போக, மூன்றுதான் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியும் வரிசை சம்சாக் கடையிலிருந்து டயர் கடைக்கு வந்திருந்தது. "எர்காஷ் வீட்டுக்குப் போயிட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினான். மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தாள்தான், கொஞ்சம்.

எர்காஷின் கூண்டை மாற்றிய மறுநாளிலிருந்து வரிசை கேட்டைத் தாண்டவில்லை. துர்சின் மூன்று மஞ்சள் வண்டிகளையும் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்து, சகலைகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வண்டிகள் கிடங்கின் பின்புறம் புழுதியில் நின்றன. அனுவார் மட்டும் தன் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், ஷிம்கெண்டில் ஒரு கிடங்கின் நெரிசலைத் தீர்த்துவைத்ததாக எழுதியிருந்தான். மகள் அதைக் காட்டியபோது குல்யாஷ் வாயிலிருந்த பௌர்சாக் என்ற பொரித்த மாவுருண்டையை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவளுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆகஸ்ட் வந்தது. அறுவடையும் கல்யாணங்களும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு விருந்துக்கும் ஐநூறு பேர், அறுநூறு பேர். எல்லோருக்கும் எண்ணெய், எல்லோருக்கும் தேயிலை. ஆறு வாசலும் திறந்திருந்தும் வரிசை மறுபடி கேட்டைத் தாண்டியது. இந்தத் தடவை வண்டிகள் சும்மா நிற்கவில்லை. லாரிகள்தான் வாசலில் சும்மா நின்றன.

குல்யாஷ் மறுபடி நோட்டை எடுத்தாள். மணிக்கு அறுபது பேலட். பெருக்கினாள், வகுத்தாள். நான்கு பத்தாது. ஐந்து வேண்டும். தான் எண்ணியது மே மாதத்தின் ஒரே ஒரு வாரத்தை என்பது அப்போதுதான் உறைத்தது. அல்மாட்டிப் பையன் சுவரை அளந்தான், நாம் ஒரு வாரத்தை அளந்துவிட்டு வருடத்துக்கே சொல்லிவிட்டோம். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாம் நாள், டயர் கடைக்காரர் கத்த ஆரம்பித்ததும், முதலாளியின் அறைக்குப் போனாள்.

"தம்பி, ஒரு வண்டி கூட வேணும்."

ஒராஸ்பெக் பேனாவைக் கீழே வைத்தான். மெதுவாக நாற்காலியில் சாய்ந்தான். அவன் முகத்தில் பரவிய சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க அபாய். காது சரியா கேட்கலை."

"அஞ்சு வேணும். நாலுன்னு நான் சொன்னது தப்பு."

"பின்னாடி மூணு நிக்குதே! எல்லாத்தையும் எடுத்துக்குங்களேன்."

"ஒண்ணு! ஒண்ணுதான் கேட்டேன். மூணுன்னு எப்ப சொன்னேன்? ஏன் தம்பி உங்களுக்கு எண்ணிக்கையே புரியமாட்டேங்குது?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போதுதான் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

மூன்று மஞ்சள் வண்டிகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிரேக்கைச் சரிசெய்து, சந்துகளுக்கு ஒருவழி என்று தரையில் அம்புக்குறி வரைந்தாள். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் முடியும்வரை உச்ச நேரத்தில் அவளே ஏறி ஓட்டினாள். முப்பது வருடம் கழித்தும் கை மறக்கவில்லை. இடுப்பு மட்டும் ராத்திரியெல்லாம் முனகியது. முதல் நாள் அவள் வண்டியோடு மூன்றாவது சந்தில் திரும்பியபோது, எதிரில் நடந்து வந்த எர்காஷ் சுவரோரமாக ஒதுங்கி, சரணடைவதுபோல இரண்டு கையையும் தூக்கி, "ஏய், உயிரு பத்திரம்!" என்று கத்தினான்.

"சத்தம் போடாதே. சுமையோட இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவள் அவனைக் கடந்து போனாள்.